பக்கத்து சைக்கிள்காரர் பார்த்து எழுதிய தாள்

ஓலெசுண்ட், நவம்பர்

மகளே,

இதய மறுவாழ்வு வகுப்பில் எனக்குப் பக்கத்து உடற்பயிற்சி சைக்கிளை மிதித்த, என்னைப் போலவே பழைய மீனவரான டோர்லைஃப், செவ்வாயன்று தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

வாராவாரம் மிதித்து முடித்ததும் நர்ஸ் மனநிலைப் படிவம் தருவாள். தூக்கம் வருகிறதா, வாழப் பிடிக்கிறதா என்று கேட்டிருக்கும். முதல் வாரமே அவர் என் தாளை எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாருக்குன்னா போட்டிருக்கே? நானும் அதையே போடுறேன்யா. நம்ம மீன்பிடிக் கப்பல்ல மனசப் பத்தி எவன் கேட்டான்?"

நான் போட்டிருந்தது பொய். ஆனாலும் அவர் பார்த்து எழுத வசதியாகத் தாளை நகர்த்தி வைத்தேன்.

இன்று வகுப்பில் நர்ஸ் அவர் தாள்களை வைத்துக்கொண்டு அழுதாள். "ஒரு வாரம்கூட மோசம்னு போடலையே!"

அத்தனையும் என்னைப் பார்த்து எழுதியவை.

இன்றும் நல்லாருக்கு என்றே டிக் அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்பாய், அதையேதான் சொல்வேன். நம்பாதே.

அப்பா