டேப் அழுத்தினால் வரும் பெயர்

நாள் 214, காலை 8:10
செவ்வாய்க் கிரகம், வடக்கு நிலையம். எழுதுவது ஜெனோவா, கணினிப் பொறுப்பு. கட்டளையில் இரண்டு எழுத்தைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதியை லினக்ஸ் தானே நிரப்பும். அதற்கான கோப்புகளுக்குப் புதுப்பதிப்பு ஏற்றினேன். ரேடியோவில் ஆளைக் கூப்பிடும் 'அழை' கட்டளையின் கோப்பை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே தொகுப்பு என்பதால், அது ஏறினால்தான் பழுதான காற்றுப் பம்பின் திருத்தமும் ஏறும். காத்திருக்கட்டும்.

நாள் 215, பிற்பகல் 1:40
காரணத்தையும் எழுதிவிடுகிறேன். பழைய கோப்பில் பெயர்களைக் கையால் எழுதியவன் கிளாட்வின், என் கணவன். இங்கே நாங்கள் இரண்டே பேர். புதிய கோப்போ, அந்த நொடியில் யாருடைய ரேடியோ பதில் தருகிறதோ அவர் பெயரை மட்டும் காட்டும்.

போன வாரம் புழுதிப் புயலில் அவன் வண்டி பள்ளத்தில் உருண்டது. கூரை கிழிந்ததைத் திரையில் பார்த்தேன். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன். பதில் இல்லை; புயலில் ரேடியோவும் சரியாக எட்டாது. அவன் போய்விட்டான் என்று பூமியில் எழுதிவிட்டார்கள்.

புயல் முந்தாநாள் அடங்கியது. 'அழை' தட்டுகிறேன், டேப் அழுத்துகிறேன், அவன் பெயரைப் பார்க்கிறேன். என்டர் தட்ட மட்டும் தைரியம் வரவில்லை. இப்போதும் பதில் வராவிட்டால் எனக்கு என்ன மிச்சம்?

நாள் 217, மாலை 4:25
பூமியிலிருந்து, கோப்புகளைப் பராமரிக்கும் தம்பி பீர் அனுப்பிய செய்தி: "அக்கா, அந்த ஒரு கோப்ப நீங்க புடிச்சு வச்சிருக்கதால பம்பு சரியாக மாட்டேங்குது. உங்க காத்து கொறஞ்சுக்கிட்டே போகுது. அண்ணன் பேரு போயிருமேன்னு நீங்க படுற பாடு தெரியுதுக்கா. தயவுசெஞ்சு ஏத்திருங்க."
அங்கே உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். உன்மேல் கோபமில்லை, பீர். பொய். கோபம்தான்.

நாள் 218, காலை 6:05
தலை சுற்றுகிறது. ஏற்றிவிட்டேன். பழைய கோப்பு அழிந்தது. பம்பு ஓடுகிறது.
கை சும்மா இருக்கவில்லை. 'அழை' தட்டி டேப் அழுத்தினேன். காலியாக நிற்கும் என்று நினைத்தேன். ஒரே ஒரு பெயர் இருந்தால் பட்டியல் வராது, தானாகவே நிரப்பிவிடும்.
நிரப்பியது. கிளாட்வின்.

6:07
என்டர் தட்டினேன். வண்டியின் ரேடியோ திறந்தது. திரையில், வண்டிக்குள் காற்று: இல்லை. சேமித்த குரல் ஒன்று, நேற்று மாலை பதிவானது:
"ஜெனோ, கூரை ஓட்டைய அடச்சிட்டேன். காத்து இன்னிக்கு ராத்திரி வரைக்குந்தான் வரும். இங்க இருந்து கூப்பிட முடியல. நீ கூப்பிட்டாத்தான் லைன் தெறக்கும். புயலும் நின்னு போச்சு. ஏட்டி, ஏன் கூப்பிடாம இருக்க?"

6:31
அழை. டேப். பெயர் வருகிறது. என்டர்.
கூப்பிடுகிறேன், கிளாட்வின். கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.
அழை. டேப். பெயர் வருகிறது.