மேனேஜர் மேசை ஏறிய வழக்கு

அன்பு மகளுக்கு,

1. இதை எழுதுபவன் உன் தந்தை. வழக்குகளிலும் பத்திரங்களிலும் காலத்தைக் கழித்துவிட்டு இப்போது வீட்டோடு இருப்பவன். நலமாக இருக்கிறேன். உன் அம்மாவும் நலம், முழங்கால் வலி நீங்கலாக. அந்த வலி அவளிடம் குடிவந்து நாளாகிறது, காலி செய்யும் உத்தேசம் அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை. அங்கே நீயும் நலம் என்றே கொள்கிறேன்.

2. கீழே சொல்பவற்றில் என் கண்ணால் கண்டதையும் நானாக ஊகித்ததையும் கலக்காமல் சொல்ல முயன்றிருக்கிறேன்.

3. ஞாயிற்றுக்கிழமை அம்மா உன்னைத் திடீரென்று வீடியோவில் வரச் சொன்னது ஏன், பேச்சின் நடுவே தொடர்பைத் துண்டித்தது ஏன் என்று கேட்டிருந்தாய். மேனேஜர் என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்கவில்லை. கேட்கப் பயந்திருப்பாய் என்பது என் ஊகம். மூன்றுக்கும் சேர்த்தே விடை எழுதுகிறேன்.

நீ தங்கியிருக்கும் கட்டடத்தில் விலங்குகளுக்கு அனுமதியில்லை என்பதால் பூனையை எங்களிடம் விட்டுப் போனாய். காலையில் எழுந்ததும் அறை அறையாகப் பார்வையிட்டுவிட்டு ஒரு வேலையும் செய்யாமல் படுத்துக்கொள்வதைப் பார்த்து மேனேஜர் என்று பெயர் வைத்தவளும் நீதான். அது அம்மாவின் தையல் அறையில் துணி வெட்டும் மேசைமேல் ஏறி, வாடிக்கையாளர் ஒருவரின் பட்டுக் கோட்டில் நகத்தை மாட்டி, கைப்பகுதி முழுக்க இழையை இழுத்துவிட்டதை நான் உனக்குச் சொன்னேன். மிச்சத் துணி இருந்ததால் அம்மா வேறு கை வெட்டி வைத்துத் தைத்துச் சமாளித்தாள். அதன்பிறகு, "இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கட்டும், இல்ல என் மிஷின் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். தெருமுனைத் தானியக் கிடங்குக்காரருக்கு எலித் தொல்லை தாங்கவில்லை, மாதக் கடைசியில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நீயும், "அம்மா பிழைப்பு முக்கியம்பா, கொடுத்துடுங்க" என்றாய். அன்றிலிருந்து வீடியோவில் வருவதை நிறுத்திவிட்டு என்னோடு மட்டும் குரலில் சுருக்கமாகப் பேசி வைத்துவிடுகிறாய். காரணத்தை நான் கேட்கவில்லை, கேட்காமலே விளங்கியது.

ஒரு தண்டனையை நிறைவேற்றுமுன் வேறு வழிகள் எல்லாம் முயன்று பார்க்கப்பட்டனவா என்று கேட்பது என் பழக்கம். முயன்றேன், முதலில் தவறாகவே முயன்றேன். வெளியே போயிருந்தவன் மாலையில் வந்து, கிழிந்த கோட்டுக் கையை அதன் முன்னால் விரித்துக் காட்டி, குற்றம் இன்னதென்று தெளிவாக எடுத்துச் சொல்லிக் கண்டித்தேன். அது துணியை முகர்ந்துவிட்டு என் கட்டைவிரலை நக்கியது. கால்நடை மருத்துவரம்மா இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "சார், அது ஏறினது காலைல, நீங்க திட்டினது சாயங்காலம். அதைப் பொறுத்தவரைக்கும் ரெண்டும் வேற வேற கேஸ்" என்றார். அப்படியானால் கையும் களவுமாகப் பிடிப்போம் என்று செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் குப்பியோடு காத்திருந்து, ஏறும்போதெல்லாம் தெளித்தேன். விளைவு, நான் அறையில் இருந்தால் ஏறுவதில்லை, நான் நகர்ந்தால் ஏறிவிடும், என்னைக் கண்டால் பெஞ்சுக்கு அடியில் போய்விடும். மேசைமேல் ஏறக்கூடாது என்பதை அது கற்கவில்லை, நான் வேண்டாதவன் என்பதைக் கற்றுக்கொண்டது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பது மனிதர்களுக்கு ஒருவேளை பொருந்தலாம். பூனை, அடித்த கையிடம் அணைப்புக்கு வருவதில்லை. "ஊருக்கே நியாயம் சொன்ன மனுஷன், ஒரு பூனைகிட்ட வாய்தா வாங்கிட்டு நிக்கிறாரு" என்றாள் அம்மா. குப்பி செடிக்கே திரும்பிப் போயிற்று.

மருத்துவரம்மா சொன்னபடி பிறகு செய்தவை பலித்தன. நகத்தால் கீறுவது அதன் உடம்புக்கு வேண்டிய வேலை, அதைத் தடுக்க முடியாது, இடத்தை மாற்றலாம் என்றார். ஒரு கட்டையில் கயிறு சுற்றி, அது வழக்கமாகக் கீறும் நாற்காலி அருகே நட்டேன், அதில் கீறிய அந்தக் கணமே ஒரு துணுக்கு மீன் கொடுத்தேன். கணம் தப்பினால் பாடமும் தப்பிவிடுகிறது. நகத்தின் நுனியை நறுக்கினோம், சாப்பாட்டுக்கு முன் ஒரு துணி நாடாவைத் தரையில் இழுத்து அதைத் துரத்தி ஓடவிட்டோம், மேசை விளிம்பில் இருபுறமும் ஒட்டும் நாடா ஒட்டினோம், உயரம் பிடிக்கும் பிராணி என்பதால் ஜன்னலோரம் மேசையைவிட உயரமாக ஒரு பலகை அடித்தோம். அம்மா தன் பங்குக்குச் செய்துவந்த காரியம் ஒன்றும் அப்போது தெரியவந்தது. அது மேசையில் ஏறினால் தரையில் மீனை வைத்துக் கூப்பிட்டு இறக்குவாள். ஏறினால் மீன் என்று அதற்குத் தெரிந்துபோயிற்று, குற்றத்துக்குக் கூலியும் கொடுத்திருக்கிறோம். அதையும் நிறுத்தினோம். நாற்காலி தப்பியது, திரைச்சீலை தப்பியது, பெரும்பாலும் மேசையும் தப்பியது. ஆனால் தொலைபேசி மணி அடித்தால் மட்டும், ஒட்டும் நாடாவையும் பொருட்படுத்தாமல், எங்கிருந்தாலும் பாய்ந்து வந்து அந்த மேசையில்தான் ஏறியது.

இதற்கு எனக்கு உடனே காரணம் பிடிபடவில்லை. நீ ஞாயிறுதோறும் அழைக்கும்போது தொலைபேசியைப் பொத்தான் டப்பாவில் சாய்த்து வைத்தது அந்த மேசையில்தான். "மேனேஜரே, மேல வாங்க, மூஞ்சியக் காட்டுங்க" என்று நீ கூப்பிடுவாய், அது ஏறும், நாங்கள் சிரிப்போம், அம்மாவே தடவிக்கொடுப்பாள். கோட்டுக் கை கிழிந்த அன்றும் மணி அடித்திருக்கிறது, பேசியது யாரோ ஒரு வாடிக்கையாளர். வாரம் முழுக்க ஏறாதே என்று தடை, ஞாயிறு வந்தால் ஏறு என்று அழைப்பு. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு உத்தரவுகளைப் பிறப்பித்துவிட்டு, மீறியது என்று நாம் மூவரும் அதைக் குற்றம் சொல்லியிருக்கிறோம். இதை அம்மாவிடம் சொன்னபோது கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்போ அது துணியைத் தேடி வரல, அவளைத் தேடி வந்திருக்கு" என்றாள். தொலைபேசியை எடுத்து ஜன்னல் பலகைக்கு மாற்றினாள்.

ஞாயிறன்று கிடங்குக்காரர் கூடையோடு வந்துவிட்டார். "அக்கா, உங்க மேனேஜரு பொறுப்பேத்துக்கப் போறாருன்னு தெரிஞ்சு எங்க கிடங்குல எலியெல்லாம் மூட்டை கட்டிக்கிட்டு இருக்கு" என்றார். "கொஞ்சம் உட்காருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அம்மா உனக்குச் செய்தி அனுப்பினாள். மேசையில் வெள்ளைத் துணி விரித்துக் கிடந்தது, அவள் அதை மடிக்கவில்லை. பலகையில் மணி அடித்தது. மேனேஜர் உள்ளறையிலிருந்து வந்து மேசை விளிம்பில் முன்னங்கால்களை வைத்தது. இதை மறைக்க விரும்பவில்லை, வைத்தது உண்மை. அப்போதுதான் அம்மா அழைப்பை எடுத்தாள், நீ, "என்னம்மா திடீர்னு?" என்றாய். அது தலையைத் திருப்பிற்று, கால்களை இறக்கிற்று, கிடங்குக்காரரின் காலடி வழியாகப் போய்ப் பலகையில் ஏறி, நாங்கள் உன் முகத்தைப் பார்க்குமுன் திரையில் தன் முகத்தை வைத்து அழுத்திற்று. தொடர்பைத் துண்டித்தது அம்மா அல்ல, அதன் மூக்கு. அம்மா மீனை அங்கேயே, பலகையிலேயே கொடுத்தாள். "தப்பா நினைக்காதீங்க தம்பி, எலிக்கு வேற ஆள் பாருங்க" என்றாள். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு, "எனக்கு வேலை கொடுத்தப்பகூட யாரும் இவ்வளவு விசாரிக்கலையே சார்" என்று சொல்லிப் போனார்.

ஒரு ஞாயிற்றை வைத்து எதையும் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். மறுபடி தவறலாம், தவறினால் கத்தாமல் தூக்கி இறக்கிவிடுவோம். ஆனால் அது இங்கேதான் இருக்கும். நீ செய்ய வேண்டியது, மேசையில் அதைக் கண்டால் சிரிக்காதே, பெயர் சொல்லாதே. பலகையில் கண்டால் மனம்போலக் கொஞ்சு. அதைப் பார்க்கக் கூடாது என்று உனக்கு யாரும் தடை போடவில்லை, நீயே போட்டுக்கொண்டாய். அதை விலக்கிக்கொள். வேளைக்குச் சாப்பிடு, படுக்கும்முன் கதவைப் பூட்டியாயிற்றா என்று ஒருமுறை பார். எல்லா நலனும் பெற்று நீண்ட நாள் வாழ்வாய் என்று ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
(கையொப்பம்)

சாட்சிகள்:

1. தானியக் கிடங்குக்காரர். ஞாயிறு நடந்தது நான் பார்த்ததுதான்.

2. அம்மா. படித்துப் பார்த்தேன், சரியாகத்தான் எழுதியிருக்கிறார். வர்ற ஞாயிறு வீடியோல வா. பூனைக்கு மட்டும் இல்ல, நானும் உன் மூஞ்சியப் பார்த்து மாசமாச்சு.