பொத்தான் டப்பாவில் ஒரு புரோச்

ஜூன் 4

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

வாயாடி எழுதுவது. இங்கே நலம் என்று எழுதினால் அது போலி. போலியைக் கண்டால்தான் உங்களுக்கு ஆகாதே.

ஞாயிறன்று ஒரு டாக்டரம்மாவின் வீட்டுக்குப் போனேன். அவர் இறந்து ஒரு மாதம். பிள்ளைகள் வீட்டுச் சாமான்களையெல்லாம் கூடத்தில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். தையல் பெட்டிக்குள் ஒரு பொத்தான் டப்பா, அதற்குள் இத்துடன் அனுப்பியிருக்கும் இந்தச் சிவப்புக்கல் புரோச், சேலையில் குத்திக்கொள்கிற நகை. கல்லா, கண்ணாடியா? பார்த்துச் சொல்லுங்கள். வழக்கம்போல ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டிருக்கிறேன், கண்டுபிடித்துத் திட்டுங்கள்.

கட்டிலில் உங்கள் பக்கத்து விரிப்பு மூன்று வருஷமாகக் கசங்கவேயில்லை. நகை மதிப்பிடப் போன அந்த ஏலக் கம்பெனிக்கே உங்களைத் தாரை வார்த்துவிட்டேனா? எப்போது வருகிறீர்கள்?

உங்கள் வாயாடி

ஜூன் 19

அன்புள்ள வாயாடிக்கு,

புரோச் கிடைத்தது. பூட்டு இல்லாத வெறும் கொக்கி. ஊசி விளிம்பைத் தாண்டி நீண்டிருக்கிறது. பழைய வேலைதான், நூறு வருஷமாவது இருக்கும். உதட்டில் வைத்தால் ஐந்து கல்லும் ஜில்லென்று இருக்கின்றன, கண்ணாடி அவ்வளவு நேரம் குளிர்ச்சி தாங்காது. ஐந்தும் அசல் சிவப்பு. நீ எழுதாமல் விட்டது ஊசி வளைந்திருப்பதைத்தானே? பிடித்துவிட்டேன். தேய்த்துக் கழுவாதே. திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

வேலை அதிகம். இந்த வருஷமும் வர முடியாது.

பூதக்கண்ணாடி

ஜூலை 2

என்னங்க,

நடுவில் இருக்கும் கல் பச்சை. தெருமுனையில் நின்று பார்த்தாலே தெரிகிற பச்சை. நான் எழுதாமல் விட்டது அதைத்தான். எவனோ பிற்பாடு மாற்றிப் பதித்த கல், இதை என்னிடமே மறைக்கிறாயா என்று குதிப்பீர்கள் என்று காத்திருந்தேன்.

முதலில் கோபம் தலைக்கேறியது. கல்லைச் சரியாகப் பார்க்காமலே எழுதிவிட்டீர்கள், அங்கே வேறொருத்தி இருக்கிறாள் என்றுகூட நினைத்தேன். ஒரு நாள் முழுக்க அவளைத் திட்டித் தீர்த்தேன், பாவம், இல்லாதவளை. பிறகு உங்கள் பழைய கடிதங்களைத் தேதிப்படி அடுக்கிப் பார்த்தேன். எழுத்து மாதத்துக்கு மாதம் பெரிதாகிறது. கடைசிக் கடிதத்தில் இரண்டு வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன.

எப்போதிருந்து கண் தெரியவில்லை? என்னிடம்கூடச் சொல்லக் கூடாதா?

வாயாடி

ஜூலை 20

வாயாடி,

பதினான்கு மாதமாகிறது. இடது கண் முழுக்கப் போய்விட்டது, வலதில் நிழல்தான். இனித் திரும்பாது என்கிறார் டாக்டர். கம்பெனியில் இப்போது நகைகளைத் தராசில் எடுத்து வைக்கும் வேலை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். ஸ்கேலை வைத்துத் தடவித் தடவி எழுதுகிறேன். உன் கடிதங்களைப் பக்கத்து மேசைக்காரர்தான் வாசித்துக் காட்டுகிறார். நல்ல மனிதர். கட்டில் விரிப்பு மாதிரி ஏதாவது வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அவர் எதிரில் நான் என்னவென்று பதில் எழுத? அதனால் கொக்கியைப் பற்றி எழுதினேன்.

கண்ணை நம்பிப் பிழைத்தவன் நான். அது போனபின் உனக்குப் பாரமாக வந்து நிற்க மனம் வரவில்லை. என்னை விட்டுவிடு. கடிதத்தை மட்டும் நிறுத்திவிடாதே.

பூதக்கண்ணாடி

ஜூலை 28

பக்கத்து மேசை அண்ணா அவர்களுக்கு,

வணக்கம். இது உங்களுக்குத்தான். வியாழக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம், நேரே கம்பெனிக்கு வந்துவிடுவேன். அதற்குள் அவர் எங்காவது ஒளிந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும்.

கீழே இருக்கும் ஒரு வரியை மட்டும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். தயவுசெய்து குரலைத் தாழ்த்தாதீர்கள், ஆபீஸே கேட்கட்டும்.

எனக்கு நீங்க வேணும்.

வாயாடி