வேலாயி தட்டிய தகரம்

பவளம் அப்பாவுக்கு,

காலையில பேர் பதியுற பெரட்டுக்கு நேரமாச்சு, உங்கள எழுப்ப மனசு வரல. ரொட்டியும் சம்பலும் அடுப்படியில மூடி வச்சிருக்கேன்.

ஆளுக்கொரு நாள் வேலைய விட்டுட்டு லயத்து வீடுகளுக்குக் காவல் இருக்கணும்னு நீங்க சொன்னப்ப, அடுத்த வீட்டுக்கு நாம எதுக்குன்னு சண்டை பிடிச்சேன். நேத்து நாம மலையில கொழுந்து எடுக்கறப்ப, நம்ம வீட்டுக் காம்பராப் பூட்ட ஒடச்ச திருடன, காவல் முறையில இருந்த அடுத்த வீட்டு வேலாயிதான் தகரத்தத் தட்டி வெரட்டியிருக்கா. எங்கம்மா குடுத்த பித்தளைக் கொடத்த வாசல்லயே போட்டுட்டு ஓடிட்டான்.

இன்னைக்குக் காவல் நம்ம முறை, நீங்க இருங்க. தகரம் கதவுக்குப் பின்னால இருக்கு. இனி இதுக்காகச் சண்டை போடமாட்டேன்.

நாகலெட்சுமி

இன்னொண்ணு. வேலாயி நம்ம வாசல்ல நின்ன நேரத்துல, அந்தத் திருடனோட கூட்டாளி ஒருத்தன் அவ கோழியத் தூக்கிட்டுப் போயிட்டானாம். வாயே தெறக்கல, அவ மக சொல்லித்தான் தெரியும். நம்ம கோழியில ஒண்ணக் கொண்டுபோய்க் குடுங்க. வேணாம்னுதான் சொல்லுவா, விடாதீங்க. முட்டையிடுறதையே குடுங்க.