சங்கம் உனக்கு வராது

அன்பு மகள் டெல்ஃபினுக்கு,

பால்டிமோரிலிருந்து அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை, அது உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னது. அலாஸ்காக் குளிரில் நீயும் உன் காதும் மூக்கும் உறையாமல் முழுசாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நம் சக்கர நாற்காலிச் சங்கத்துக்கு இங்கே ஓர் ஆஸ்பத்திரி தன் பழைய நாற்காலிகளையெல்லாம் தருகிறேன் என்றது, ஆனால் சங்கத்துக்கு ஒழுங்கான விதிகள் வேண்டுமாம். நம்மிடம் இருந்த ஒரே விதி, உடைந்ததைச் சரிசெய், காசு கேட்காதே என்பதுதான். சட்டக் கல்லூரி மாணவர்கள் நம்மைப் போன்ற தரும சங்கங்களுக்கு விதிகளைச் சும்மா எழுதித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஜிவோன் என்ற பெண்ணைக் கொடுத்தார்கள். உன்னைவிடச் சின்னவள், பாதி வக்கீல். மீதிப் பாதி அவளை மேற்பார்வையிடும் பேராசிரியை. எதைக் கேட்டாலும் "மேடத்தைக் கேட்டுட்டுச் சொல்றேன் சார்" என்பாள். மழை வருமா என்று கேட்டுப் பார்த்தேன், அதற்கும் அதையே சொல்ல வாயைத் திறந்துவிட்டாள்.

இந்த முழங்காலை நம்பி இனிச் சங்கத்தை ஓட்ட முடியாது என்பதால், எனக்குப் பிறகு தலைமை என் மகளுக்கு என்று விதியில் ஒரு வரி எழுதச் சொன்னேன். அதற்கு மட்டும் அவள் யாரையும் கேட்கவில்லை. "சங்கம் உங்க சொத்து இல்லையே சார், எழுதி வைக்க" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் கராஜ், என் ஸ்பானர், பதினெட்டு வருஷம் என் முதுகு. நீ என் வக்கீல்தானே என்று கேட்டேன். "இல்ல சார், நான் சங்கத்தோட வக்கீல்" என்கிறாள், முகத்தைப் பார்த்தே. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள், இந்த மாடு என் பல்லைப் பிடித்துப் பார்த்தது.

கடைசியில் சங்கத்தின் குழுதான் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றாகிவிட்டது. உன் பெயரும் பேச்சில் இருப்பதால் நானும் அம்மாவும் அறைக்கு வெளியே நிற்க வேண்டுமாம். பள்ளியில் தண்டனை வாங்கியவன் போல நின்றேன். உன் அம்மா கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டே, "அவ அங்க இருந்துக்கிட்டு என்ன பண்ணுவா, தபால்லயா பஞ்சர் ஒட்டுவா" என்றாள். உள்ளே ஒடெஸா ப்ரூயிட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் சரிசெய்து கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே நான் முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டையும் திட்டுவாளே, அவளேதான். முதல் உத்தரவே எனக்குத்தான்: "கார்னெல், மொதல்ல அந்தக் கராஜைக் கூட்டு." கூட்டினேன். அடுத்த வாரம் நாற்காலிகள் வருகின்றன. அவள் நன்றாக நடத்துவாள் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா, "அவளைக் கேக்காம அவ பேரை ஏன் இழுத்தீங்க" என்று கேட்டாள். முழங்கால் வலிக்கிறது என்று பேச்சை மாற்றினேன். உனக்குச் சொல்கிறேன். சங்கத்தைக் கொடுத்தால் அதற்காகவாவது ஊருக்குத் திரும்புவாய் என்று கணக்குப் போட்டேன் மகளே. உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கர்த்தர் உன்னைக் கண்போலக் காக்கட்டும், நல்ல மனிதர்கள் நடுவில் வைக்கட்டும். காலுறை இரண்டு ஜோடி போடு, பனியில் தனியாக வண்டி ஓட்டாதே. நவம்பரில் நன்றி நாள் வான்கோழி விருந்து இருக்கிறது, மறந்துவிடாதே. உன்னை இங்கே வரவழைக்க என் கையில் இப்போது ஒரு காரணமும் இல்லை. சும்மா வா.

உன் அப்பா,
கார்னெல் டப்ஸ்