பொட்டு வைக்காத படம்

ஆனி 8, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். மலை தெரியவில்லை. கண்ணாடி வெட்டுகிற வைரம் மழுங்கிவிட்டது, புதுசு வாங்க வேண்டும். முருகன் படம் இரண்டு, கல்யாணப் படம் ஒன்று பாக்கி. கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை சிரிக்கவில்லையாம், சிரிக்கிற மாதிரி பண்ண முடியுமா என்று பெண் வீட்டார் கேட்கிறார்கள். பிரேம்தான் போடுவேன், பல் போட மாட்டேன் என்றேன்.

மத்தியானம் ஒரு தாடிக்காரர். பேர் பாலா. மெட்ராஸ் பேச்சு. செல்போனில் ஒரு ஆள் படம். ஐம்பது வயது இருக்கும், முறுக்கு மீசை, நெற்றியில் தழும்பு.

“பன்னெண்டுக்குப் பதினாறு. கறுப்பு பிரேம். மாலை மாட்டக் கொக்கி. நாளைக்கே வேணும்” என்றார்.

பாவம், யார் பெற்ற பிள்ளையோ. குரலை இறக்கிக் கேட்டேன். “எப்ப தவறுனாரு?”

“வெள்ளிக்கிழமை தவறுவாரு.”

கையில் இருந்த ஸ்கேல் கீழே.

“ஆசுபத்திரியில கைய விரிச்சுட்டாங்களா?”

“டைரக்டர் முடிவு பண்ணிட்டாரு.”

ஆசுபத்திரிக்கு டைரக்டர் உண்டு, தெரியும். கிழமை குறித்துக் கொடுக்கிற டைரக்டரை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். “எதுக்கும் மதுரையில ஒருவாட்டி காட்டிப் பாத்துருங்க” என்று வழி சொல்ல ஆரம்பித்தேன்.

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த சரோசா படத்தை எட்டிப் பார்த்தாள். “ஏங்க, இது நம்ம சுபேதாருல்லா!”

எட்டரை மணி அடிதடி சீரியல். ஹீரோவுக்கு அண்ணனாக, பட்டாளத்து சுபேதாராக வருகிறவர். அவர் இரண்டு பேரையாவது அடித்துச் சாய்த்தால்தான் என் வீட்டில் அடுப்பில் தோசைக்கல் ஏறும். தாடிக்காரர் சிரித்து உட்கார்ந்துவிட்டார். நிசச் சாவு இல்லை, கதைச் சாவு. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு பழைய வீட்டில் ஷூட்டிங் நடக்கிறது. வெள்ளிக்கிழமை சுபேதார் படத்துக்கு மாலை.

போகும்போது திரும்பி வந்து சொன்னார். “யார்கிட்டயும் மூச்சு விட்றாதீங்க. அவருக்கே இன்னும் சொல்லலை. சொன்னா மனசு விட்ருவாரு, சண்டை பாக்கி இருக்கு.”

சரோசா இரண்டு கண்ணையும் துடைத்துக்கொண்டு, “அந்த டைரக்டர் நல்லா இருப்பானா?” என்றாள். எனக்கு ரசம் ஊற்ற மறந்துவிட்டாள்.

ஆனி 9, செவ்வாய்

தூறல் விட்டு விட்டு. படத்தைப் பேண்டேஜ் துணியில் சுற்றி, மேலே பாலித்தீன். வண்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர். பாலாவே வந்து வாங்கிக்கொள்வதாகத்தான் சொன்னார். நான்தான் நேரில் கொண்டுவருகிறேன் என்று அடம். ஷூட்டிங் பார்க்கிற ஆசை. சரோசாவுக்கும். அவளுக்குப் பேண்டேஜ் கம்பெனியில் லீவு தரவில்லை. முறைத்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

அங்கே பார்த்ததை எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

ஹீரோ: டான்ஸ் போட்டியில் ஜெயித்து வந்தவர். முதலில் வேறு ஒருத்தர்தான் ஹீரோ. அவர் சினிமாவுக்குப் போனார். ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று ஒருநாள் எழுத்து போட்டார்கள். மறுநாள் சீரியல் அம்மா வித்தியாசமே பார்க்காமல் புது மகனுக்குச் சோறு போட்டாள். சினிமாவுக்குப் போனவர் இப்போது இன்னொரு சேனலில் அப்பாவாக வருகிறாராம். வயிற்றில் கட்டுக்கட்டாகச் சதை இருக்கிற இந்த ஹீரோ பால்கோவாவை மோந்து பார்த்துவிட்டு மூடி வைத்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

வில்லன்: இவர் அந்தக் காலத்தில் பிள்ளைகள் சீரியலில் முதுகில் துணி கட்டிக்கொண்டு பறந்தவர்! என் அக்கா மகன் அதைப் பார்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு மாட்டுக்கொட்டகைக் கூரையிலிருந்து குதித்தான். இன்னமும் அவன் இடது கை நேராக நீளாது. சொன்னேன். அவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணே, ஒவ்வொரு ஊர்லயும் ஒரு கை உடஞ்சிருக்கு. அதான் வில்லனாக்கிட்டாங்க.” எவ்வளவு நல்ல மனுசன்!

சாந்தி: சுபேதாருக்குச் சம்சாரமாக வருகிறவர். முன்பு துப்பாக்கி பிடித்த போலீஸ் ஹீரோயின். பிறகு ஹீரோவுக்கு அக்கா, இப்போது அண்ணி. “அடுத்த வருசம் இதே பையனுக்கு அம்மா” என்றார், தலை சீவிக்கொண்டே.

கடைசியில் அவர். சுபேதார். நிசப் பேர் தர்மராஜ். டிவியில் ஆள் உயரம், நேரில் என் தோளுக்குக் கொஞ்சம் மேலே. வலது முட்டியில் கட்டு. என் கையில் இருந்த பார்சலைப் பார்த்து, “என்னண்ணே அது?” என்றார்.

வாயில் வந்தது: “சாமி படம்.”

“அப்படியா? இன்னிக்கு மொட்டை மாடியில இருந்து விழணும்.” செருப்பைக் கழற்றிவிட்டு, பார்சலைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

தன் படத்தை. மாலை போட வைத்திருக்கிற படத்தை.

பிறகு விழுந்தார். கீழே மெத்தை போதவில்லை என்று மில்லிலிருந்து கழிவுப் பஞ்சு மூட்டை கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள். மாடிச் சுவரில் முதுகைக் காட்டி நின்றார். கயிறு இல்லை, ஒன்றும் இல்லை. அப்படியே பின்னால் சாய்ந்து வந்தார், தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி. பஞ்சு பறந்து ஊர் முழுக்கப் பனி பெய்தது போல. என் வாய் திறந்தது திறந்தபடி, உள்ளேயும் பஞ்சு.

டைரக்டர் “ஒன் மோர்” என்றார். மனுசன் முட்டியைப் பிடித்துக்கொண்டு மறுபடி படி ஏறினார். மறுபடியும். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே விழுந்தார்.

டிவி முன்னால் பண்ணிய மாதிரி இனி வாழ்நாளில் அந்த ஆளைக் கிண்டல் பண்ண மாட்டேன்.

ஆனி 10, புதன்

வெயில் எட்டிப் பார்த்தது. வைரம் வாங்கினேன். சரோசா காலையிலிருந்து ஒரே பாட்டு.

“சொல்லிருந்தா என்ன? வாயில கொழுக்கட்டையா?”

“ஏட்டி, சொன்னா பயந்துபோயி தப்பா விழுந்தா? உன் சுபேதாரு நெசமாவே படமாயிருவாரு.”

“அப்ப அந்தப் படத்தைக் கொடுக்காம இருந்திருக்கணும்.” இவள் சொல்வதில் எது நியாயம், எது அநியாயம் என்று பிரிக்கவே முடியாது.

நாலு மணி. கடை வாசலில் ஆட்டோ. இறங்கியது தர்மராஜ்! டீக்கடையே எழுந்து நின்றது. முட்டிக்குக் கட்டுத்துணி இந்த ஊரில் கம்பெனி விலைக்குக் கிடைக்கும் என்று யாரோ சொல்லி வந்திருக்கிறார். வந்த இடத்தில் என் கடை போர்டு.

“சாமி படம் நல்லா பலிச்சுதுண்ணே, அடி படலை” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் மேசையைப் பார்த்தார். முதலில் அடித்த பிரிண்ட், மை கூடிப்போய் ஒதுக்கி வைத்தது, அங்கேயே கிடக்கிறது. நான் மேலே கையை வைத்தேன். மீசை வெளியே தெரிந்தது.

“பன்னெண்டுக்குப் பதினாறா?”

கையை நகர்த்தி மீசையையும் மூடினேன்.

“கறுப்பு பிரேமா?”

தலையை ஆட்டினேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். மேசைக் காத்தாடியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன், வேறு என்ன செய்ய?

மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார். வெல்டிங் பட்டறையிலிருந்து சினிமாச் சண்டைக்கு வந்தவராம். வருசக் கணக்காக டூப். “எத்தனையோ ஹீரோவுக்குக் குதிச்சிருக்கேன். தியேட்டர்ல ஜனங்க விசிலடிச்சது அம்புட்டும் என் முதுகுக்குத்தான்ணே. மூஞ்சி வரக் கூடாது, வந்தா அந்த ஷாட் வேஸ்ட்.” பிறகு சீரியலில் அடியாள். வரிசையில் மூன்றாவதாக வந்து முதலாவதாக விழுகிற ஆள். பிறகு வில்லன் பக்கத்தில் சும்மா நிற்கிற ஆள். அதன் பிறகுதான் இந்த சுபேதார். முதன்முதலாகப் பேச வசனம், டைட்டிலில் பேர்.

“முட்டி போச்சு. இனிமே டூப்பும் கிடையாது, அடியாளும் கிடையாது. இந்த வேசம் போனா அவ்ளோதான்ணே, வீட்டுக்குத்தான்.”

சரோசா அதற்குள் கம்பெனியிலிருந்து வந்துவிட்டாள். வாசலில் நின்று ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படி அவள் வாயை மூடி நான் பார்த்ததில்லை.

அவர் அந்த பிரிண்ட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். திடீரென்று சிரிப்பு. “எத்தனையோ தடவை செத்திருக்கேன். அடியாளுக்கு யாரு படம் மாட்டுவா? படம் மாட்டற அளவுக்கு வந்துட்டேன்ல?”

அப்போதும் என் நாக்கு சும்மா இருக்கவில்லை. “மாட்டலாம். ஆனா பொட்டு வைக்கலை. உசுரோட இருக்க ஆளு படத்துக்கு நம்ம கடையில பொட்டு கிடையாது.”

“கம்பெனி பாலிசியா?”

“ஆமா.”

சத்தமாகச் சிரித்தார். தனக்குத் தெரிந்துவிட்டதை பாலாவிடம் சொல்ல வேண்டாம் என்றார். சரோசா தன் கம்பெனிக் கட்டுத்துணி ஒரு சுருள் கொடுத்தாள், காசு வாங்கவில்லை.

ஆனி 12, வெள்ளி

காற்று. தகரம் தடதட. கடை அடைப்பு. சரோசா இன்றைக்கு லீவு கேட்கவில்லை, எடுத்துவிட்டாள். இரண்டு பேரும் மடவார் வளாகம். வாசலில் ஒரு தடியங்காய், நல்ல வெள்ளைப் பூசணி. சாவு சீன் முடிந்ததும் அந்த ஆளைச் சுற்றி உடைத்து, அவரைச் சிரிக்கச் சொல்லிப் போட்டோ எடுப்பார்களாம். அப்படியாவது ஒரு பயம் இருக்கிறதே இவர்களுக்கு.

உள்ளே சுவரில் நான் போட்ட பிரேம். சம்பங்கி மாலை. விளக்கு. கேமராவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் தர்மராஜ், தன் துட்டிக்குத் தானே துக்கம் கேட்க வந்தவராக. காலையில்தான் அவரிடம் சொன்னார்களாம். “சரி சார்” என்றாராம், அவ்வளவுதான்.

விளக்கை ஏற்றி சாந்தி அழ வேண்டும். டைரக்டர் கையைத் தூக்கினார். கேமரா ஓடுகிறது. அப்போது பாலா, “பொட்டு விட்டுப்போச்சு” என்று முணுமுணுத்துக்கொண்டு, குங்குமத்தில் விரலைத் தோய்த்து எட்டுகிறார்.

“ஏலே! உசுரோட இருக்க ஆளுக்கு வைக்காதலே!”

யார் கத்தினது என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

டைரக்டர் எழுந்தார். முகம் குங்குமத்தை விடச் சிவப்பு. “யாருய்யா அந்த ஆளு, வெளிய...” சொல்லி முடிக்கவில்லை. சாந்தி பாலாவின் கையைப் பிடித்துவிட்டார். இறுக்கி. கண்ணில் தண்ணீர் நிற்கிறது, விழவில்லை. “வைக்கக் கூடாது. அவர் உடம்பை யாராவது கண்ணால பாத்தீங்களா? நான் பாக்கலை. பாக்கற வரைக்கும் இந்த வீட்டுல ஒருத்தரும் பொட்டு வைக்கக் கூடாது.”

கதையா நிசமா என்று தெரியவில்லை. பாலா கை வலிக்கிறது என்று நெளிகிறார். கேமராக்காரர் நிறுத்தவில்லை.

டைரக்டர் செத்த நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு, “அதையே திரும்பப் பண்ணுங்க சாந்தி. பாலா, நீ அந்தக் கையோட வெளிய போ. அந்த அண்ணாச்சி வாயை யாராவது பொத்துங்க.” பொத்தியது சரோசா.

அப்படியே எடுத்தார்கள். ஆனால் முடிவு டைரக்டர் கையில் இல்லையாம். சேனலில் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பொட்டு வைத்து மறுபடி எடுப்பார்கள்.

தடியங்காய்க்காரர் கையில் தூக்கியபடி நிற்கிறார். “சார், உடைக்கவா வேண்டாமா?”

“வைய்யா அங்க!”

கிளம்பும்போது தர்மராஜ் எங்கள் பக்கம் வரவில்லை. தூரத்திலிருந்து பட்டாளத்துக்காரர் மாதிரி ஒரு சல்யூட். சரோசாவும் திருப்பி அடித்தாள், இடது கையால். தடியங்காயை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கூட்டு.

ஆனி 18, வியாழன்

வேலை: சரஸ்வதி படம், கட்சிக்காரர் படம் மூன்று. போன் வரவில்லை. சீரியலில் இன்னும் சுபேதார் அடித்துக்கொண்டுதான் இருக்கிறார், அது முன்னமே எடுத்தது. சரோசா தோசை சுடுகிறாள், தீய்கிறது. நான் ஒன்றும் சொல்வதில்லை.

ஆனி 25, வியாழன்

மழை இல்லை. மலை தெளிவு. கடை திறந்து சாம்பிராணி போடும்போதே பாலா. கையில் பேண்டேஜ் துணி சுற்றிய பார்சல். என் துணி. பிரித்தேன், என் பிரேம். நெற்றியைத்தான் முதலில் பார்த்தேன். தழும்பு மட்டும்.

“சேனல்ல சரின்னுட்டாங்க அண்ணாச்சி. ஆளு காணாமப் போயிருக்காரு, சாகலை. அந்தம்மா படத்தைச் சுவத்துலருந்து இறக்கி மேசையில வச்சுக்குது. கொக்கியைக் கழட்டிட்டு, நிக்கற மாதிரி பின்னாடி ஒரு கால் வச்சுக் குடுங்க.”

கழற்றினேன். சரோசாவுக்குப் போன் போட்டேன், மிஷின் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை, கத்தினேன், தெருவுக்கே கேட்டது. தேக்குத் துண்டு ஒன்று நல்லதாக எடுத்து வைத்திருந்தேன். அதிலேயே கால். இந்தக் கால் முட்டி வலிக்காது.