ஊசல் சொன்ன 9.2

அண்ணா,

உன் ஊசலை எத்தனை முறை ஆட்டி நேரம் எடுத்தாலும் புவியீர்ப்பு 9.8 வராமல் 9.2 மட்டுமே ஏன் வருகிறது என்று நேற்று எனக்கும் புரியவில்லை. அதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல், "சீனியருங்க விட்டுட்டுப் போன பழைய அறிக்கைக் கட்டு, அந்த ஜொக்போ இருக்குல்ல, அதப் பாத்து 9.8னு எழுதித் தொலையேன். ரெண்டு வருஷம் பட்டாளத்துல இருந்து மூளை துருப்பிடிச்சிடுச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

"அளந்தது 9.2 தான், போரம். பொய் எழுதுறதுக்குப் படிப்பையே விட்டுடுறேன்" என்று நீ சாப்பிடாமலே படுத்துவிட்டாய். கட்டாயப் பட்டாளச் சேவைக்கு நீயாக ஆசைப்பட்டா போனாய்? அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

குக்கரில் சோறு சூடாக இருக்கிறது. கிம்ச்சிக் குழம்பை ஒரு கொதி விட்டுக்கொள். பத்து மணிக்கு எரிவாயுக் குழாயைப் பார்க்க ஆள் வருவார், கதவைத் திற.

குப்பைக்கூடையில் நீ போட்ட அறிக்கையை எடுத்து, நீவி, மேசைமேல் வைத்திருக்கிறேன். ஐந்து மணிக்குள் கொடுத்தால் போதும்.

போரம்

பி.கு.: பல் துலக்கும்போதுதான் பிடிபட்டது. கீழே இடமில்லை, ஓரத்தில் பொடியாக எழுதுகிறேன். நேரத்தை நீ சரியாகத்தான் எடுத்திருக்கிறாய். நீளம் என்று போட்டிருக்கும் 40 செ.மீ. நூலுக்கு மட்டும் உரியது. ஊசலின் நீளத்தைக் குண்டின் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும். உன் குண்டின் விட்டம் 5 செ.மீ., அதில் பாதி 2.5. நீளத்தை 42.5 என்று போடு, உன் நேரத்திலேயே 9.8 வந்துவிடும்.